ஆமைப் பூட்டு

ரப்பர் பால் வாளி சுமந்து தோள் காய்த்தவர்கள், சிரட்டை கழுவிக் கை கறுத்தவர்கள், கொஞ்சம் உட்கார்ந்து இதைக் கேளுங்கள். வாசிக்கத் தெரிந்தவள் தெரியாதவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு முடித்தவள். முடித்தவள் என்று நான் சொல்கிறேன். நிறுத்தப்பட்டவள் என்று என் தங்கை சொல்வாள். எழுத்தில் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சங்கதியில் பிழை இல்லை.

போன மாதம் பூட்டு வாங்க யட்டியாந்தோட்டை பஜாருக்குப் போனேன். எங்களுக்குத் தனி வீடு கிடைத்திருக்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பரா இல்லை. நாலு பக்கமும் வெளி உள்ள வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருமாத வீடு. பூட்டை மருமகள் வாங்கி வருவதாகச் சொன்னாள். "பூட்டு விஷயத்துல எனக்குப் புத்தி சொல்ற ஆள் இன்னும் பொறக்கல" என்று சொல்லிவிட்டு நானே பஸ் ஏறினேன்.

கடைக்காரர் சிங்களவர், இளவயதுக்காரர். நான் விரலால் பூட்டுப்போலச் செய்து காட்டியதும், "ஆ, இப்பெக்த ஓன, ஆச்சி?" என்றார், பூட்டா வேண்டும் என்று. உங்களுக்குத் தெரியும், சிங்களத்தில் ஆமைக்கும் இப்பாதான், பூட்டுக்கும் இப்பாதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உயிருள்ள இப்பாவா, உயிரில்லாத இப்பாவா?" என்று சிங்களத்திலேயே திருப்பிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் வேண்டுமா என்றார்.

அவருக்கு எப்படி விளங்கும்? அவருடைய தாத்தாவே அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். எங்கள் ரப்பர் தோட்டத்தை வெள்ளைக்காரத் துரை ஆண்ட காலம் அது.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். நாங்கள் இருந்தது ஸ்டோர் லயம். ரப்பர் ஸ்டோருக்கு நேர்மேலே, கல் படியில் இறங்கினால் ஸ்டோர் முற்றம். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக் காம்பராவில் தொங்கப்போடுவது. காய்ந்த ஷீட் எல்லாம் பக்கத்து அறையில் அடுக்கிப் பூட்டப்படும். அந்த அறைக்கும் புகைக் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். அப்பா வீட்டுக்கு வந்தால் அசிட் வாசமும் புகை வாசமும் அவருக்கு முன்னாலேயே வாசலுக்கு வந்துவிடும். மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் பக்கத்து மழை விடுகிற மழையா? துணி காயாது, விறகு காயாது, தலைமுடி காயாது.

எனக்குக் காது குத்துவது மட்டும் மாமாவால் தள்ளிக்கொண்டே போனது. தாய்மாமன் தோடு கொண்டுவந்தால்தானே மடியில் உட்காரவைத்துக் குத்தலாம்? எங்கள் மாமா புத்தளத்திலிருந்து உப்பு ஏற்றிவரும் லொறியில் கிளீனர். வரும்போதெல்லாம் "அடுத்த ட்ரிப்புல தோடு" என்பார். அந்த வருடம் மழை பிடித்த நாளில் தோளில் ஓர் உப்புச் சாக்கோடு வந்து நின்றார்.

"மருமகளுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்றார்.

சாக்கு அசைந்தது.

அம்மா சாக்கையே பார்த்தாள். "தோடு அசையுமாடா?" என்று கேட்டாள்.

சாக்கைக் கவிழ்த்தார். கறுத்த ஓட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு இழுத்து, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு நட்சத்திரம் வரைந்த ஆமை. நம் ஓடையில் கிடக்கும் ஆமை மாதிரித் தட்டையாக இல்லை. கோயில் கும்பத்தைக் கவிழ்த்தது மாதிரி. கழுத்தை நீட்டி எங்கள் எல்லோரையும் பார்த்தது. 'புஸ்' என்று பெருமூச்சு விட்டது. திரும்ப உள்ளே போய்விட்டது. துரை காலையில் பிரட்டுக் களத்துக்கு வந்து, வேலைக்கு நிற்கும் ஆட்களைப் பார்த்துவிட்டுப் போவது போலவே இருந்தது. நான் அப்போதே விழுந்துவிட்டேன். தோடு எவளுக்கு வேண்டும்?

அம்மாவுக்கு வேண்டியிருந்தது. அதைவிட, ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் குடி விளங்காது என்பதில் அம்மாவுக்கு அசையாத நம்பிக்கை.

"இது என் வாசப்படியத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, நான் வாசப்படியத் தாண்டி வெளிய போயிருவேன். சொல்லிட்டேன்."

"எங்கக்கா போவ?" என்றார் மாமா.

"ஒன் லொறியிலதான். நீதானே கொண்டாந்த."

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே புறப்பட்டுப் போய்விட்டார்.

விளங்காமல் போவதற்கு அந்த ஒற்றைக் காம்பராவில் அப்படி என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். ஓர் அடுப்பு, ஒரு டிரங்குப் பெட்டி, ஒழுகும் தகரத்தின் கீழே வைக்க மூன்று பாத்திரம். ஆனாலும் அம்மா காவல் காத்தாள். ஆமை என்ற சொல்லைக்கூட வீட்டுக்குள் சொல்லக்கூடாது என்றாள். அவள் 'அது' என்பாள். ஸ்டோர் வாசலில் காவலுக்கு இருந்த வாட்சர் சிங்களவர், அவர் அதைப் பார்த்ததும் "ஷா, ஹொந்த இப்பெக்!" என்றார், நல்ல ஆமை என்று. சிங்களத்தில் சொன்னால் தோஷமில்லை என்று நானும் அண்ணனும் முடிவு செய்தோம். அன்றிலிருந்து அதன் பெயர் இப்பா.

வெளியில் வைத்துக்கொள்ளலாம், வெளியிலேயே இருக்கவேண்டும். இதுதான் அம்மா போட்ட சட்டம். ஆகவே லயத்துக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில், நானும் அண்ணனும் ஒரு பட்டி கட்டினோம்.

முதல் பட்டி மூங்கில் குச்சி. வட்டமாக ஊன்றி, ஒட்டுப்பாலை நாடாவாக இழுத்து நெருக்கிக் கட்டினோம். மரத்திலிருந்து உரித்த ஒட்டுப்பால் எப்படி இழுபடும் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் பின்னால் நின்று பார்த்து, "யானை வந்தாலும் நிக்கும்" என்றான். யானை வரவில்லை. மழை வந்தது. மண் இளகியது. இப்பா தலையைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளியது. ஒட்டுப்பால் வழிவிட்டு இழுபட்டு, அது வெளியே போனதும் பழையபடி மூடிக்கொண்டது. காலையில் பார்த்தால் பட்டி முழுசாக இருக்கிறது, ஆமை இல்லை.

"ஐயோ! ஐயோ! வந்திருச்சே!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

இப்பா எங்கள் அடுப்படியில், சாம்பலில் பாதி புதைந்து, கண்ணை மூடிக் கிடந்தது.

அம்மா வெளியே போய்விடவில்லை. அந்த மழையில் எங்கே போவாள்? மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், கற்பூரம் கொளுத்தினாள், மாமாவைத் திட்டினாள், அவர் ஓட்டாத லொறியையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "பிள்ளைங்க கட்டினா இப்படித்தான். நீங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

அப்பா கட்டிய இரண்டாவது பட்டி கல். ஓடையிலிருந்து கல் சுமந்து முழங்கால் உயரத்துக்கு அடுக்கினார். வேலை முடிந்து வந்து, மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகத் தட்டித் தட்டி வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கீழே பெரிய கல்லும் மேலே போகப் போகச் சின்னக் கல்லுமாக உள்பக்கம் சரித்து அடுக்கிவிட்டார். அது மாரியம்மன் கோயிலுக்குப் படி கட்டியதுபோல ஆகிவிட்டது. இப்பா படி ஏறிப் போனது.

இந்தத் தடவை பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் அடுப்படி. பெரியம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். சட்டி என்று நினைத்து எடுத்து அடுப்பில் வைக்கப் போயிருக்கிறார். சட்டி காலை நீட்டியது. பெரியம்மா போட்ட சத்தத்தில் மேட்டு லயத்து ஆட்களும் வந்துவிட்டார்கள்.

"குடிகெடுக்கத் தேடித் தேடி வருது!" என்றார் பெரியம்மா. "ஒரு வீட்டுக்குள்ள போயிட்டு வந்திருச்சி. இப்ப என் வீடு. நாளைக்கு யாரு வீடோ?"

லயமே இரண்டு பட்டுவிட்டது. இப்பா எந்த வீட்டைக் குறிவைத்திருக்கிறது என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பேச்சு. எங்கள் வீட்டுக்கு நெருப்பு வாங்க வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். அம்மாவுக்கு அது தாங்கவில்லை. லயத்து ஆட்கள் எல்லோர் முன்னாலும் கையில் அடித்துச் சொன்னாள். "மாரியாத்தா மேல ஆணை. இன்னொரு தரம் அது பட்டிய விட்டு வெளிய வந்துச்சு, வாட்சர் சாக்குக்குத்தான்."

வாட்சர் அங்கேதான் நின்றார். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதற்குப் பிறகு எங்கள் பக்கமாகப் போகும்போதெல்லாம் குனிந்து பார்த்து, "இப்பா சுகமா? நோனா மொளகா அரைச்சாச்சா?" என்பார். நோனா என்றது அம்மாவை. அவருக்கு அது பகிடி. எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதுவதைப் பார்க்காமல் ஆமைக்கறி வாசம் வருகிறதா என்று மோந்து கொண்டிருப்பேன்.

மூன்றாவது பட்டிக்கு அண்ணனும் அப்பாவும் நானும் சேர்ந்தோம். ஸ்டோரில் கழித்துப் போட்ட ரப்பர் மரப் பலகையை நாலு பக்கமும் நட்டு, அடியில் கல் புதைத்து, முன்பக்கம் கீல் வைத்த ஒரு சின்னக் கதவு. "கதவ யாராவது தொறந்து விட்டுட்டா?" என்று பெரியம்மா கேட்டார். அவருக்கே அந்த எண்ணம் இருந்ததோ என்னவோ. அந்தச் சமயம் மாமா வந்தார், தோடு இல்லாமல்தான். நிலைமையைக் கேட்டுவிட்டு லொறியின் சாமான் பெட்டியில் கிடந்த ஒரு சின்னப் பித்தளைப் பூட்டைக் கழற்றிக் கொடுத்தார். அமுக்கினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். திறக்க ஒரே ஒரு சாவி. அதை என் அரைஞாண் கயிற்றில் கோத்து, பாவாடைக்குள் விட்டுக்கொண்டேன். ஓடும்போது இடுப்பில் குளிர்ச்சியாகத் தட்டும். எங்கள் லயத்திலேயே பூட்டும் சாவியும் உள்ள வீடு இப்பாவின் வீடு ஒன்றுதான். நம் கதவுகளுக்கெல்லாம் ஒரு கொக்கிதானே? உள்ளே எடுத்துப்போக என்ன இருந்தது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கிளாக்கர் குடை பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. நாங்கள் பேசுவதும் தமிழ், அவர் பேசுவதும் தமிழ். ஆனால் அவர் பேசி முடித்தபிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பட்டியையும் பூட்டையும் பார்த்து அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன காணும், ஆமைக்கும் பூட்டோ?"

"ஆமாங்கய்யா, ஆமைக்குத்தாங்க பூட்டு" என்றார் அப்பா, பெருமையாக.

"நல்ல பூட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதில்தான் எல்லாம் கிடந்தது.

கொஞ்ச நாள் கழித்து, கொழும்பிலிருந்து வீ.ஏ. துரை வருவதாகச் செய்தி வந்தது. தோட்டத்துத் துரைக்கும் மேலே ஒரு துரை. தோட்டம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர். அவர் வருகிறார் என்றால் நம் துரைக்கே காய்ச்சல் வரும். கிளாக்கருக்கு இரண்டு காய்ச்சல். அப்பாவைக் கூப்பிட்டு அவர் சொன்னது இது:

"ஸ்டோர்க் கதவில தொங்கிறது கறள் பிடிச்சுப் போச்சு. துரை கண்டால் பேசுவார். அதைக் கழட்டிப் போட்டு, நல்ல ஆமைப்பூட்டொண்டு கொழுவி விடும்."

யாழ்ப்பாணத்தில், கதவில் தொங்கும் பூட்டு எதுவானாலும் ஆமைப்பூட்டுத்தான் என்பது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குப் பூட்டு என்றால் பூட்டு. ஆமைப் பூட்டு என்றால் ஆமையின் பூட்டு. அதுவும் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

அப்பா வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். "கிளாக்கரய்யா அன்னைக்கே கண்ணு வச்சிட்டாரு" என்றார். "நல்ல பூட்டுன்னு சொல்லும்போதே நெனைச்சேன்."

"இவ்வளவு பெரிய தோட்டத்துக்கு ஒரு பூட்டுக்கா பஞ்சம்?" என்றாள் அம்மா. "ஒரு வாயில்லாச் சீவன் பூட்டப் போயி புடுங்குவாங்களா?"

இப்பாவுக்கு எதிராக ஆணையிட்ட அம்மாதான் இதைச் சொன்னாள். அவளுக்கு நியாயம் வேறு, ஆணை வேறு.

மறுநாள் காலை என்னிடம் பூட்டைத் திறக்கச் சொன்னார் அப்பா. கதவை ஒட்டுப்பால் நாடாவால் கட்டினார். "நாடா நிக்காதுப்பா" என்று நான் அழுதேன். "ஒரு பொழுதுதானே. பெரிய தொரை சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போனதும் நீயே தொறந்து எடுத்துக்கலாம். சாவிய நீயே வச்சுக்க, என் கையில இருந்தா தொலைஞ்சிரும்" என்றார். நான் பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கு என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள்.

பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தால் நாடா இழுபட்டுக் கிடக்கிறது. பட்டி காலி. மழை கொட்டுகிறது.

எங்கள் அடுப்படி பார்த்தேன். பெரியம்மா அடுப்படி பார்த்தேன். இல்லை. வாட்சர் கண்ணிலோ அம்மா கண்ணிலோ படுவதற்குள் கண்டுபிடிக்கவேண்டும் என்று மனசு சொல்கிறது; வாய் கேட்டால்தானே? கல் படியில் இறங்கி அப்பாவைத் தேடி ஸ்டோர் முற்றத்துக்குள் கத்திக்கொண்டே ஓடினேன்.

"இப்பா காணோம்! இப்பா காணோம்!"

வாட்சர் காவல் கொட்டிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தார். திடுக்கிட்டு எழுந்தார். இப்பா காணோம் என்றால் அவருக்கு என்ன? பூட்டுக் காணோம். ஓடிப்போய் ஸ்டோர்க் கதவைப் பார்த்தார். எப்போதும் தொங்கும் துருப்பிடித்த பெரிய பூட்டு இல்லை! அதன் இடத்தில் எலிக்குஞ்சு மாதிரி ஏதோ ஒன்று தொங்குகிறது.

"ஹொரு! ஹொரு!" என்று கத்தினார். கள்ளன் என்று. விசில் எடுத்து ஊதினார். அவர் காவலுக்கு வந்த நாளிலிருந்து அந்த விசில் ஊதியதே இல்லை. உள்ளேயிருந்து முதலில் ஒரு பூச்சி வந்தது, பிறகு சத்தம் வந்தது.

கிளாக்கர் ஆபீசிலிருந்து ஓடிவந்தார். குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கதவைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"ஐயோ கடவுளே! கள்ளன் எங்கட பூட்டைக் கொண்டுபோட்டு தன்ர பூட்டைப் போட்டிட்டுப் போயிட்டான்!"

கள்ளன் எதற்குத் தன் பூட்டைப் போட்டுப் பூட்டவேண்டும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர்கள் பதறும்போது கேள்வி கேட்பது மரியாதையில்லை. நான் மட்டும் "இப்பா காணோம்" என்று அழுதுகொண்டே நின்றேன். "ஓம் பிள்ளை, அதைத்தானே பார்க்கிறம்!" என்று கிளாக்கர் என்னை அதட்டினார்.

சரியாக அந்த நேரம் துரையின் கார் வந்து நின்றது. துரை இறங்கினார். பின்னால் வீ.ஏ. துரை, உயரமானவர், வெள்ளை மீசை, கையில் தடி. விசில் சத்தம் கேட்டு லயத்து ஆட்களும் படி வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அம்மா. புகைக் காம்பராவுக்கு அடுப்பெரித்துக்கொண்டிருந்த அப்பா பின்பக்கத்திலிருந்து விறகுக் கட்டையோடு வந்தார்.

"இது ஆற்ற பூட்டு?" என்றார் கிளாக்கர், யாருடையது என்று.

"ஆமைப் பூட்டுங்கய்யா" என்றார் அப்பா.

"ஆமைப்பூட்டுத்தான் எண்டு எனக்குத் தெரியாதே? அது ஆற்ற எண்டுதான் கேக்கிறன்."

"ஆமையோடதுங்க."

"விசரே உமக்கு? ஆற்ற ஆமைப்பூட்டு?"

"என் மகளோட ஆமைப் பூட்டுங்க. நீங்கதானேங்கய்யா நல்ல ஆமைப் பூட்டக் கொண்டாந்து போடச் சொன்னீங்க? பழசு மண்ணெண்ணெயில ஊறிக்கிட்டு இருக்குங்க."

"புதுசு என்ர மேசை லாச்சியிலயல்லோ கிடக்குது" என்றார் கிளாக்கர், மிகச் சின்னக் குரலில்.

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழை அவர் தொப்பி விளிம்பில் வழிந்தது. "பேச்சு போதும். கதவு தொற, மேன்" என்றார்.

"சாவி என்கிட்ட இல்லைங்க தொரை. அமுக்கினாப் பூட்டிக்கிரும். சாவி எம் மக இடுப்பில இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு துரை, ஒரு கிளாக்கர், ஒரு வாட்சர், லயத்து ஆட்கள் எல்லோரும். அந்தத் தோட்டத்து ரப்பர் முழுவதும் அந்தக் கதவுக்குப் பின்னால். சாவி என் பாவாடைக்குள்.

நான் அசையவில்லை. ஒன்பது வயதுப் பெண் பிள்ளை, அத்தனை ஆம்பிளைக்கு முன்னால் பாவாடையைத் தூக்குவாளா?

அப்போதுதான் அம்மா முன்னால் வந்தாள். அன்றுவரை துரை வரும் பாதையில் நிற்காமல் ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியவள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராகத் துரையைப் பார்த்தாள்.

"தொரை, எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

துரை திரும்பினார். திரும்பச் சொல்லி வீ.ஏ. துரைக்கு இங்கிலீசில் ஏதோ சொன்னார். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். கிளாக்கர் திரும்பினார். வாட்சர் திரும்பினார், விசில் இன்னும் வாயில். மழையில் வரிசையாக நின்று எல்லோரும் ரப்பர் மலையைப் பார்த்தார்கள். ஈரத்தில் அரைஞாண் முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்க நேரம் எடுத்தது. அம்மா என்னை அவசரப்படுத்தவில்லை. அவர்களையும் திரும்ப விடவில்லை.

நானே போய்ப் பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளியதும் உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. ஷீட் ஒன்றும் குறையவில்லை, அடுக்கினது அடுக்கினபடி. வீ.ஏ. துரை தடியால் சுவரோரம் காட்டினார். புகைக் காம்பராச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கழுத்தை முழுசாக நீட்டிப் போட்டு, இப்பா தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஷீட் சுமக்கக் கதவு திறந்து கிடந்தபோது உள்ளே போயிருக்கிறது. அப்பா அதையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறார். ஆமைப் பூட்டு அன்றைக்கும் ஆமையைத்தான் காத்தது.

வாட்சருக்கு உயிர் வந்தது. "இப்பா! இப்பா இன்னவா!" என்று, ஆமை இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு, போர்த்தியிருந்த சாக்கை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அம்மாவின் ஆணையை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. ஓடிப்போய் ஆமைமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

அம்மா என்னைத் தூக்கத்தான் குனிந்தாள். குனிந்தவள் சுவரில் கையை ஊன்றினாள். ஊன்றிய கையை எடுக்கவில்லை. நனைந்து விறைத்துப்போயிருந்தாள்; இன்னொரு கையையும் சுவரில் வைத்தாள்.

"அட, நம்ம அடுப்படி மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

அவள் மனசுக்குள் கணக்குப் பார்த்திருக்கவேண்டும். எங்கள் அடுப்படி, பெரியம்மா அடுப்படி, இப்போது இது. பிறகு முதல் தடவையாக ஆமையோடு பேசினாள்.

"ஏன்டா, குளிருதா ஒனக்கு?"

குடியைக் கெடுக்க வந்தது என்று லயமே சொன்னது. அது குளிர் காய வந்திருக்கிறது. உப்பு காய்கிற வெயில் பூமியில் பிறந்ததைக் கொண்டுவந்து நம் மழையில் போட்டுவிட்டு, ஓடிப்போகாமல் இருக்க வேலி எப்படிக் கட்டுவது என்றே எல்லோரும் யோசித்தோம். அது எங்கே போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

வாட்சர் சாக்கை விரித்தார். "நோனா, மாரியம்மா..." என்று ஞாபகப்படுத்தினார்.

"மாரியாத்தாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ போய் ஒன் கொட்டில்ல ஒக்காரு. மொளகா அரைக்க இங்க ஆளில்ல" என்றாள் அம்மா.

வீ.ஏ. துரை என்ன என்று கேட்க, துரை அவருக்குத் தெரிந்தமட்டும் சொன்னார். கிழவர் சிரித்த சிரிப்பில் கிளாக்கருக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. "சேர், இந்தச் சுவரோட சாய்ச்சு வெளிப்பக்கமா ஒரு கூடு அடிச்சு விடலாம்" என்றார். துரை தலையாட்டினார். கிளாக்கர் உடனே தச்சு பாஸைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பலகையில அடியும். மேல புதுத் தகரம் போடும். கதவுக்கு ஒரு நல்ல ஆமை..." அங்கே நிறுத்தினார். அப்பாவைப் பார்த்தார். "ஒரு தொங்கு பூட்டு" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தோட்டத்தில் இருந்தவரை பூட்டு என்றால் தொங்கு பூட்டுத்தான்.

இப்பாவுக்கு வீடு கட்டினார்கள். சூடான சுவர், மழை ஒழுகாத புதுத் தகரம், தனிக் கதவு, அதற்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். துரை தன் துரைசாணியைக் கூட்டிவந்து காட்டினார். கல் படிக்கு மேலே எங்கள் லயத்துத் தகரம் அப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அவ்வளவு தூரம் ஏற அவர்களுக்கு மூச்சு வாங்கும் போல. அம்மா பாத்திரத்தில் சொட்டும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, "அடுத்த பொறப்புல நான் ஆமையாத்தான் பொறக்கப் போறேன்" என்பாள். ஆனால் செம்பரத்தைப் பூவைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு தினமும் கீழே போனவளும் அவள்தான். பூப் போடப் போனவள் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு வருவாள். கொஞ்ச நாளில் பெரியம்மாவும் போக ஆரம்பித்தார். பிறகு முழங்கால் வலி உள்ள எல்லோரும்.

மாமா ஒரு வழியாகத் தோடு கொண்டுவந்தார். காது குத்தினார்கள். நான் பெரிய பெண்ணாகி ரப்பர் பால் வெட்டுக்குப் போகத் தொடங்கிய வருடம், புகைக் காம்பராவை இடித்துக் கட்ட நாள் குறித்தார்கள். அம்மாதான் சொன்னாள்: "அதோட ஊருக்கே கொண்டு போய் விட்டுரு. ஆனா வெயில்ல விடு." மாமா லொறியின் முன்சீட்டில், பூவும் வல்லாரையும் கட்டிய பொட்டலத்தோடு இப்பா புத்தளம் போனது. பிற்காலத்தில் நம் ஆட்களையும் ஊருக்கு என்று சொல்லி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பெரியம்மா குடும்பம் அதில் போனது. எங்கே விட்டால் வெயில், எங்கே விட்டால் குளிர் என்று அவர்களுக்காக யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பெரியம்மா போகும்போது பொட்டலம் கட்டிக் கொடுத்தது நான்தான்.

பித்தளைப் பூட்டு எங்கே போனதோ. சாவி தேய்ந்து, ஒரு நாள் பீலியடியில் குளிக்கும்போது கயிறு அறுந்து ஓடையோடு போய்விட்டது.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

புது வீட்டில் பால் காய்ச்சும் அன்று ஊரே வந்திருந்தது. கொம்பனியின் புது மனேஜர் வந்திருந்தார், இளவயசு, கையில் செல்போன். இன்னும் நாம் அவரைத் துரை என்றுதான் சொல்கிறோம். அவருக்கும் அது பிடிக்கிறது. மகன், மருமகள், சம்பந்தி வீட்டார், அயல் வீட்டார் எல்லோரும் புதுக் கதவுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். கதவில் நான் வாங்கிய பூட்டு. மழை தூறத் தொடங்கியது.

"நல்ல நேரம் போகுது. சாவி எங்கம்மா?" என்றான் மகன்.

"என்கிட்டத்தான் இருக்கு."

"கொடுங்க, தொறப்போம்."

"நான் தொறப்பேன்" என்றேன். சேலைக்குள்ளே, அரைஞாண் கயிற்றில், புதுச் சாவி குளிர்ச்சியாகத் தட்டிக்கொண்டிருந்தது. மனேஜரை நேராகப் பார்த்தேன்.

"தொரை, எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார்கள். அவர் செல்போனையும் திருப்பிக்கொண்டார். தூறலில் வரிசையாக நின்று எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். முடிச்சு ஒன்றும் இறுக்கமில்லை, இழுத்தால் வந்துவிடும். நான் அவசரப்படவில்லை.